ரிலேக்குள் துளசி

ஒரே வீட்டு ஃப்ரிட்ஜைப் பன்னிரண்டு நாளில் மூன்றாவது தடவை ரிப்பேர் பார்க்கப் போகிற மெக்கானிக்கின் முகம் எப்படி இருக்கும் என்று யாருக்காவது பார்க்க ஆசை இருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை காலை என்னைப் பார்த்திருக்கலாம். பால்பூத்தில் வண்டியை நிறுத்தியதுமே பூத்காரர் தன் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"மல்லண்ணா, இதைப் படிச்சியா? தேர்வீதி குரூப்புல உன் மானம் கப்பலேறுது."

நான் அந்தக் குரூப்பில் இல்லை. அந்த வீதியில் வீடு இருந்தால்தான் சேர்ப்பார்கள். வாங்கிப் படித்தேன்.

'ஃப்ரிட்ஜ் மெக்கானிக் சிவமல்லுவைக் கூப்பிடுபவர்கள் ஜாக்கிரதை. எங்கள் வீட்டில் இரண்டு தடவை பார்ட் மாற்றினார். இரண்டு தடவையும் மறுநாளே நின்றுவிட்டது. பழைய பார்ட்டைப் போடுகிறாரோ என்று சந்தேகம். ஸ்ரீநிதி.'

கீழே பதினொரு கட்டைவிரல்கள். எல்லாமே நான் கதவு ரப்பர் மாற்றிய, கேஸ் நிரப்பிய, தெர்மோஸ்டாட் போட்ட வீட்டுக் கட்டைவிரல்கள். ஒருத்தராவது 'அப்படி இருக்காது' என்று எழுதக் கூடாதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று காலையிலேயே இரண்டு வீட்டில் 'இப்ப வேண்டாம், அப்புறம் சொல்றோம்' என்று சொல்லிவிட்டிருந்தார்கள். ஏன் என்று இப்போதுதான் புரிந்தது.

பன்னிரண்டு வருடமாக அந்த வீதிதான் எனக்குச் சோறு போடுகிறது. கோயிலிலிருந்து கபினி ஆற்றுப் படித்துறை வரைக்கும் நாற்பத்திரண்டு வீடு. அது கைவிட்டுப் போனால் கடையைச் சாத்திவிட்டு மைசூரில் எவன் கடையிலாவது ஸ்பானர் எடுத்துக் கொடுக்கப் போகவேண்டியதுதான். மெக்கானிக்குக் கைராசிதான் முதல். 'அவன் தொட்டா நிக்காது' என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் முடிந்தது கதை.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அதை என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. உண்மையாகவே என் கைக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்று பயந்தேன். அவள் வேறு, முந்தின நாள் களி கிண்டிக்கொண்டே, "அந்த ஃப்ரிட்ஜுக்கு உன் மூஞ்சியே பிடிக்கலையோ என்னவோ" என்றாள். சிரிப்புக்காகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் தடவை போனது நன்றாக நினைவிருக்கிறது. அந்த வீட்டுக்கு நான் எப்போதும் புழக்கடை வழியாகத்தான் போவேன். அப்படி வா என்று யாரும் சொன்னதில்லை. கால் தானாக அந்தச் சந்துக்குள் திரும்பும். என் அப்பா அந்த வீதியில் பார்க்கிறவர்களையெல்லாம் 'புத்தி, புத்தி' என்று, எஜமானே என்கிற அர்த்தத்தில், கையைக் கட்டிக்கொண்டு கூப்பிடுவார். நான் 'சார்' என்கிறேன். அவர் சந்தோடு நின்றார், நான் உள்ளே போகிறேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று எனக்கு உள்ளூரப் பெருமை இருந்தது. அதை ஒப்புக்கொள்ள இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஃப்ரிட்ஜ் இருந்தது சமையலறைக்கும் பூஜையறைக்கும் நடுவே உள்ள நடையில். முதுகு கிணற்றடிக் கதவைப் பார்த்தபடி நிற்கும். மடி பார்க்கிற வீடு, அதனால் சமைத்தது எதுவும் உள்ளே போகாது. பால், தயிர், காய்கறி, சாமிக்குப் பூ, வெற்றிலை, இவ்வளவுதான்.

வீட்டுக்காரம்மா இந்திரம்மா, எழுபதைத் தாண்டியவர். முழங்கால் வலியால் கூடத்து நாற்காலியை விட்டு அதிகம் எழுந்திருப்பதில்லை. வாய்நிறையப் பேசுவார். "மல்லு, உன் பொண்ணு எஸ்.எஸ்.எல்.சி. எழுதினாளே, என்ன ஆச்சு? கணக்குல பயந்துட்டு இருந்தான்னியே?" என்று ஞாபகம் வைத்துக் கேட்பார். இப்படிக் கேட்கிறவரிடம் எப்படிக் கோபப்படுவது? மகன் ஸ்ரீநிதி மைசூரில் பாங்க் உத்தியோகம், தினமும் ரயிலில் போய் வருகிறவர். எட்டு மாதம் முன்பு கல்யாணம். மருமகள் வைஷாலி ஷிவமொக்கா பக்கத்துப் பெண்.

அந்தப் பெண் நான் வேலை செய்யும்போது நாலு அடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மல்லண்ணா, டக்குனு ஒரு சத்தம் வருது. அப்புறம் அமைதி. மறுபடியும் டக். அது என்ன?"

ஃப்ரிட்ஜைப் பற்றி என்னிடம் யாராவது கேட்டால் எனக்குக் கால் தரையில் நிற்காது. பின்பக்க அட்டையைக் கழற்றிக் காட்டினேன்.

"இந்தக் கறுப்புக் குண்டுச் சட்டி இருக்குல்ல, இதுதான் கம்ப்ரசர். இது கேஸை அமுக்கித் தள்ளுது. அமுக்கினா சூடாகும். அந்தச் சூடு இந்த முதுகுக் கம்பியில வெளிய போயிடுது. அப்புறம் இந்த நூல் மாதிரிக் குழாய்ல நுழைஞ்சு, மேல ஃப்ரீசருக்குள்ள போய் விரியுது. விரிஞ்சா சில்லுனு ஆகும்."

"அப்ப குளிரை உள்ள கொண்டுவரல. சூட்டை வெளிய தூக்கிட்டுப் போகுது."

"அதேதான்! இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், என்கிட்ட வேலை கத்துக்கிட்டவங்களுக்கே இது மண்டையில ஏறல."

அவள் முகம் மலர்ந்தது. "பி.எஸ்சி. ஃபிசிக்ஸ் படிச்சேன். வேலைக்குப் போறதுக்குள்ள கல்யாணம் ஆயிடுச்சு."

"வைஷாலி, அடுப்புல என்ன இருக்கு பாரு" என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது. அவள் போகவில்லை. "சத்தம் எதுனாலன்னு சொல்லவே இல்லையே?" என்றாள்.

கம்ப்ரசரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பெட்டியைக் கழற்றிக் காட்டினேன். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதற்குப் பெயர் ரிலே. நின்றுபோன ஜீப்பைத் தள்ளிவிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிற ஆள் மாதிரி அது. கம்ப்ரசர் கிளம்புகிற ஒரு நொடி மட்டும் கூடுதல் கரண்ட் கொடுத்துத் தள்ளும், பிறகு சூடேறித் தானே விலகிக்கொள்ளும். அதற்குள் ஒரு பீங்கான் வில்லை இருக்கிறது. அது போய்விட்டால் கம்ப்ரசர் கிளம்பத் தெரியாமல் முனகும். காவலுக்கு இருக்கிற ஓவர்லோடு சுவிட்ச் 'டக்' என்று கரண்டை வெட்டிவிடும். அதுதான் அந்தச் சத்தம்.

புது ரிலே போட்டு ப்ளக்கைச் செருகினேன். முனகாமல், தயங்காமல், 'ம்ம்' என்று சீராக ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். காபி பேப்பர் கப்பில் வந்தது. குடித்தேன். கப்பைக் குப்பையில் போட்டேன். கிளம்பிவிட்டேன்.

மறுநாள் போன் வந்தது. ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டதாம்.

போய்ப் பார்த்தால் ரிலேயின் பீங்கான் வில்லை இரண்டாகப் பிளந்திருந்தது. மட்டமான சரக்கு வந்துவிட்டது போல என்று நினைத்தேன். மைசூருக்கே போய் ஒரிஜினல் பார்ட் வாங்கி வந்தேன். ஓவர்லோடையும் சேர்த்து மாற்றினேன். கம்ப்ரசரின் சுருளை மீட்டர் வைத்து அளந்தேன், குறை ஒன்றுமில்லை. கரண்ட்டும் சரியாக வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு வைஷாலி எதுவும் கேட்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் அது உறைக்கவில்லை. மறுநாள் அதுவும் செத்தது.

இப்போது மூன்றாவது தடவை. கதவருகே ஸ்ரீநிதியே நின்றார்.

"வாங்க மல்லு. இந்தத் தடவை எந்தக் கடையோட பழைய இரும்பு?"

"சார், டப்பா பிரிக்காம கொண்டுவந்திருக்கேன். உங்க கண்ணு முன்னாடியே பிரிக்கறேன். குரூப்புல போடறதுக்கு முந்தி எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லி? பால் ரெண்டு நாளா திரிஞ்சு போகுது. அபிஷேகத்துக்குப் பால் வெளிய வாங்கிட்டு இருக்கோம்."

உட்கார்ந்து பின் அட்டையைக் கழற்றினேன். அவர் என் பின்னாலேயே போலீஸ்காரர் மாதிரி நின்றார். பிறகு போன் வந்து முன்பக்கம் போய்விட்டார். ரிலேயின் மூடியை நெம்பினேன். உள்ளே இரண்டு சொட்டுத் தண்ணீர். பித்தளை முனைகளில் பச்சை பூத்திருந்தது. வில்லை மறுபடியும் பிளந்திருந்தது. மூடிக்கும் கம்ப்ரசருக்கும் நடுவே ஈரத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு துளசி இலை.

முதலில் எனக்கு விளங்கவில்லை. ஃப்ரீசர் ஐஸ் உருகி வடிகிற தண்ணீர் கம்ப்ரசருக்கு மேலே இருக்கிற தட்டில் சேரும். தட்டு வழிந்திருக்குமோ என்று பார்த்தேன். தட்டு காய்ந்து கிடந்தது. ஐஸ் தண்ணீரில் துளசி எங்கிருந்து வரும்? கம்ப்ரசர் தலையில் விரலைத் தேய்த்துப் பார்த்தேன். மஞ்சள் ஒட்டியது. எட்டிப் பார்த்தால் ஃப்ரிட்ஜின் முதுகு முழுக்க, மேலிருந்து கீழ்வரை, காய்ந்த தண்ணீர்த் தாரை.

ஓடிச் சூடாக இருக்கிற வில்லையின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் பிளக்கத்தான் செய்யும்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, நிம்மதி. என் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் போட்ட பார்ட் நல்ல பார்ட். அப்பாடா என்று ஒரு பெருமூச்சே விட்டேன். அந்த மூச்சு முடிவதற்குள், தண்ணீர் ஏன் ஊற்றினார்கள் என்பது என் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. நான் தொட்டதைக் கழுவியிருக்கிறார்கள். 'உன் பொண்ணு என்ன மார்க்' என்று கேட்டுவிட்டு, நான் சந்தைத் தாண்டியதும் கழுவியிருக்கிறார்கள். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

நிமிர்ந்தேன். வைஷாலி அதே நாலு அடி தூரத்தில் நின்றிருந்தாள். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

"அம்மா, கையில என்ன?"

"ஒண்ணுமில்ல."

"காட்டுங்க."

ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனி கறுத்துத் தோல் சுருங்கியிருந்தது. இருபது வருடத்தில் அந்த மாதிரி அடையாளத்தை நான் பல கைகளில் பார்த்திருக்கிறேன். என் இடது கட்டைவிரலில் ஒன்று இருக்கிறது.

"ஷாக் அடிச்சுதா?"

அவள் முன்கட்டைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "போன தடவை. அத்தைக்கு முழங்கால் வலி, அவங்களால முடியல. முன்னெல்லாம் அவங்களே கதவுல ரெண்டு கை தெளிச்சுடுவாங்களாம். இப்ப நான் வந்துட்டேன் இல்ல, முழுசா கழுவுன்னாங்க. குளிச்சு, ஈரப்புடவையோட வந்து ஊத்தினேன். ஜும்முனு கையை இழுத்துடுச்சு. செம்பு தூரப் போய் விழுந்துச்சு. கீழ உட்கார்ந்துட்டேன்."

"ப்ளக்கைப் புடுங்கலையா?" எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "ஃபிசிக்ஸ் படிச்ச பொண்ணும்மா நீங்க!"

"தெரியாமலா ஊத்தினேன் மல்லண்ணா?" அவள் தலை குனிந்திருந்தது. "ப்ளக்கைக் கடைசியா மாட்டினது நீங்க. கழுவுறதுக்கு முந்தி எப்படித் தொடறது? தொட்டா நான் மறுபடியும் போய்க் குளிக்கணும். அதனால அதுமேலயும் சேர்த்து ஊத்துன்னாங்க."

மின்சாரம் ஓடுகிற ஃப்ரிட்ஜ். வெறுங்கால், ஈரத்துணி, கையில் பித்தளைச் செம்பு. அந்தக் காலத்து வயரிங், எர்த் கம்பி பேருக்கு ஒன்று தொங்குகிறது. இந்தப் பெண் உயிரோடு நிற்பதே அதிர்ஷ்டம். கிணற்றடிக் கதவு வழியாகப் பார்த்தேன். துவைக்கிற கல்லின் மேல் செம்பு நிறையத் தண்ணீர் தயாராக இருந்தது. மேலே துளசி மிதந்தது. இன்றைக்கு நான் போனபிறகு ஊற்றுவதற்கு.

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்றாள் வைஷாலி. ஆனால் ஸ்ரீநிதி போனை அணைத்துவிட்டு நடையிலேயே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ. முகம் வெளுத்திருந்தது.

"மல்லு, கொஞ்சம் வெளிய வாங்க."

கிணற்றடியில் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்கு இதெல்லாம் நம்பிக்கை கிடையாது. உங்களுக்கே தெரியும்."

எனக்கு எப்படித் தெரியும்? தலையை மட்டும் ஆட்டினேன்.

"அம்மா பழைய மனுஷி. இந்த வயசுல அவங்களை மாத்த முடியுமா? ஒண்ணு பண்ணலாம். வோல்டேஜ் பிரச்சினை, மெக்கானிக் மேல தப்பில்லைன்னு குரூப்புல இப்பவே போட்டுடறேன். உங்க பேரும் நல்லாயிடும். இந்தப் பேச்சை இதோட விட்டுடலாம்."

"உங்க வீட்டம்மாவுக்கு ஷாக் அடிச்சிருக்கு சார்."

"நான் பார்த்துக்கறேன்."

"நீங்க காலையில ஏழு மணி ரயிலுக்குப் போனா ராத்திரி வர்றீங்க. எப்படிப் பார்த்துப்பீங்க?"

"அம்மாகிட்ட இதைப் போய் எப்படிப் பேசறது மல்லு? உங்களைப் பத்தின விஷயம். உங்களுக்குத்தான் சங்கடம்."

'சரி சார்' என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் நாற்பத்திரண்டு வீடும் எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். அவர் சொன்னதும் பொய் இல்லை. சங்கடம் எனக்குத்தான். பன்னிரண்டு வருடமாக நான் இன்னார் என்று எல்லோருக்கும் தெரியும், அதை யாரும் சொல்வதில்லை, நானும் சொல்வதில்லை. அந்த மூடியைத் திறந்துவிட்டால் திரும்ப மூட முடியாது. அப்படித்தான் யோசித்துக்கொண்டு நின்றேன். கண் அந்தச் செம்பின் மேலேயே இருந்தது.

உள்ளே போய் புது ரிலேயைப் போட்டேன். முனைகளைத் தேய்த்து, துடைத்து, மூடி, ப்ளக்கைச் செருகினேன். 'ம்ம்' என்று ஓடியது. இந்தத் தடவை அந்தச் சத்தத்தில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. எழுந்து இந்திரம்மாவின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஆச்சா மல்லு? இந்தத் தடவையாவது நிக்குமா?"

"அது உங்க கையில இருக்கும்மா. நான் போனதுக்கப்புறம் நீங்க இதைக் கழுவுறீங்க."

நடையில் ஸ்ரீநிதி அசையவில்லை. இந்திரம்மாவின் கையிலிருந்த விசிறி நின்றது.

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலம்மா. ரிலேக்குள்ள துளசி கிடந்துச்சு. கழுவுறதும் கழுவாததும் உங்க இஷ்டம். அதைக் கேக்க நான் வரல. ஆனா கரண்ட் ஓடுறப்ப ஊத்தினா, ஊத்தறவங்க உயிரு போயிடும். ப்ளக்கைப் புடுங்கிட்டு ஊத்துங்க. பின்னாடி ஊத்தாதீங்க."

"ப்ளக்கை எப்படி..." என்று ஆரம்பித்த இந்திரம்மா பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை நாங்கள் நாலு பேருமே மனதுக்குள் முடித்துக்கொண்டோம். அவர் கண்ணில் தண்ணீர் கட்டியது. கெட்ட மனுஷி இல்லை அவர். அதனால்தான் எனக்கு அவ்வளவு வலித்தது.

"தெரியும்மா. அதனால நானே புடுங்கிட்டுப் போறேன்."

நடைக்குத் திரும்பி, நான் மாட்டிய ப்ளக்கை நானே பிடுங்கினேன். ஓடிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. வயரைச் சுருட்டி, ஈரம் படாமல் ஆணியில் மாட்டினேன்.

"ஊத்திட்டு, நல்லா துடைச்சு, ரெண்டு மணி நேரம் காய விடுங்க. அப்புறம் நீங்களே மாட்டிக்குங்க" என்று வைஷாலியிடம் சொன்னேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அன்று காபி வரவில்லை, வந்திருந்தாலும் குடித்திருக்க மாட்டேன். சந்தில் வண்டியை மிதித்தேன். ஐந்தாவது மிதியில்தான் கிளம்பியது.

அன்று மதியமே ஸ்ரீநிதி குரூப்பில் போட்டுவிட்டார் என்று பால்பூத்காரர் காட்டினார். வோல்டேஜ் பிரச்சினையாம், மெக்கானிக் மேல் தப்பில்லையாம். கீழே அதே பதினொரு கட்டைவிரல். ஆனால் அந்த வீதியிலிருந்து போன் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று. நான் நடுக்கூடத்தில் நின்று பேசியது குரூப்பில் போகாமலேயே எல்லா வீட்டுக்கும் போய்விட்டது என்று புரிந்துகொண்டேன். மைசூரில் ஒரு கடையில் பேசியும் வைத்தேன்.

யுகாதிக்கு முந்தின நாள் பங்கஜம்மா கூப்பிட்டார். இந்திரம்மா வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. பத்து வருடமாக நான் போகிற வீடு. கதவு ரப்பர் போயிருந்தது, வேறொன்றுமில்லை. மாற்றி, சோப்புத் தண்ணீரால் துடைத்து, ப்ளக்கைச் செருகி ஓட்டிக் காட்டினேன். பேப்பர் கப்பில் காபி வந்தது. பங்கஜம்மா அன்றைக்கு என்னிடம் வழக்கத்தைவிட அன்பாக இருந்தார். ஒப்பட்டுப் போளிகூட இரண்டு, இலையில் மடித்துக் கொண்டுவந்து வைத்தார்.

காபியைக் குடித்துவிட்டுக் கப்பைக் குப்பையில் போட்டேன். பிறகு, "அம்மா, ஒண்ணு சொல்லணும். நான் போனதுக்கப்புறம்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் மல்லண்ணா." அவர் உடனே கையை ஆட்டினார். "வைஷாலி வந்து சொல்லிட்டா. ஒவ்வொரு வீடா போய் எல்லார்கிட்டயும் சொன்னா, முதல்ல ப்ளக்கைப் புடுங்குங்கன்னு. மாமியார்கிட்ட திட்டு வாங்கிட்டும் சொன்னா. நல்ல பொண்ணு."

ஒவ்வொரு வீடாக. எல்லோரிடமும்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் எதற்கோ பயப்படுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, பங்கஜம்மா குரலைத் தணித்து எனக்குத் தைரியம் சொன்னார்.

"நீங்க கவலைப்படாதீங்க. நாங்க அவங்களை மாதிரி இல்ல. பின்னாடியெல்லாம் ஊத்தினதே கிடையாது. இத்தனை வருஷமா கதவுல மட்டும்தான், ரெண்டே சொட்டு."

நான் குனிந்து ப்ளக்கைப் பிடுங்கினேன். வயரைச் சுருட்டி ஃப்ரிட்ஜின் மேல் வைத்துவிட்டு, புழக்கடை வழியாக வெளியே வந்தேன்.